தோல் பைகளை விட்டுக்கொடுத்தவர்

எனக்கு மறதி கிடையாது. வயதானால் தானாக வரும் என்றார்கள். ரிடையர் ஆகி மும்பை செம்பூருக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, இன்னும் வரவில்லை. எந்த ஊரில், எந்த மேஜையில், யார் எனக்கு எதிராக என்ன சொன்னார் என்பதை அன்று பரிமாறிய பிஸ்கட் உட்பட என்னால் சொல்ல முடியும். அதனால்தான், மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் என் வீட்டுப் படியேறி வந்து, "உங்க பழைய தலைவர் சாருக்குப் பாராட்டு விழா எடுக்கறோம் மேடம், அறிமுக உரை நீங்கதான் பேசணும்" என்றபோது, மனுஷன் இரண்டாவது வாய் காபி குடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

"அவரைப் பத்தி உங்களைவிட நன்னாத் தெரிஞ்சவா இங்க யார் இருக்கா?" என்றார் செயலாளர்.

"யாருமில்லை" என்றேன். அது சத்தியம்.

அழைப்பிதழை நீட்டினார். 'சிறுதொழில்களின் காவலர்' என்று பட்டம் போட்டிருந்தார்கள். அதை இரண்டு தடவை படித்தேன். இத்தனை காலம் தூதரகங்களில் வேலை பார்த்தவள், முகத்தில் எதையும் காட்டவில்லை. இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டேன்.

நான் வெளியுறவுத் துறையில் இருந்தவள். என் சர்வீஸின் பாதி, மற்ற நாடுகளோடு வியாபார ஒப்பந்தம் பேசுவதில் போனது. பிறந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் வேலை பார்த்தார். அண்ணன் அதே தாராவியில் சொந்தமாக ஒரு கார்கானா வைத்தான். பர்ஸ், பெல்ட், பெண்கள் கைப்பை, ஆபீஸ் பை எல்லாம் அங்கே தைத்தார்கள். கீழே வெட்டும் மேஜை, மேலே மாடத்தில் தையல் மெஷின்கள், பசை நாற்றம். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் நான் பரீட்சைக்குப் படித்தேன். நான் பாஸ் செய்த சேதி வந்ததும் அண்ணன் கார்கானாவை அரை நாள் மூடிவிட்டு, கேம்ப் முழுக்க ஜிலேபி கொடுத்தான். வழியில் போன போலீஸ்காரரை நிறுத்தி, "என் தங்கச்சி இனிமே உங்களுக்கெல்லாம் பெரிய ஆபீசர்" என்று சொன்னானாம். அந்தப் போலீஸ்காரரும் ஜிலேபி வாங்கிக்கொண்டு போனாராம்.

இந்த ஒப்பந்தங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 'நாடுகள் பேசின, நாடுகள் இணங்கின' என்று எழுதுகிறார்கள். நாடு எங்கே பேசுகிறது? இரண்டு மனிதர்கள் பேசுகிறார்கள். ஒருவருக்கு விமானத்தைப் பிடிக்க வேண்டும், இன்னொருவருக்கு அடுத்த பதவி வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வரியில்லாத வியாபாரம் என்பதை டெல்லியில் காதோடு காதாகத்தான் சொல்வார்கள். பிறகு காற்று மாறியது. முதலில் தெற்கே இருக்கும் தீவோடு ஒப்பந்தம் போட்டோம். வனஸ்பதியும் செம்பும் வரியில்லாமல் வந்து குவிந்த பிறகு, அத்தனை சின்னத் தீவில் இத்தனை செம்பு எங்கிருந்து வந்தது என்று நம் ஆட்கள் விழித்தார்கள். மூன்றாவது நாட்டுச் சரக்கு அங்கே போய் லேசாக உருமாறி இங்கே வந்துகொண்டிருந்தது. பாடம் படித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே அடுத்ததாகக் கிழக்கு நாடுகளோடு உட்கார்ந்தோம். பல வருடம் கழித்துக் கிழக்கின் இன்னும் பெரிய ஒப்பந்தம் ஒன்றில் சேராமல் கடைசி நேரத்தில் எழுந்து வந்தோம். இப்போது மறுபடியும் வளைகுடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று கையெழுத்துகள் மளமளவென்று விழுகின்றன. எழுந்து வந்தபோது கைதட்டியவர்களும் இப்போது கைதட்டுகிறவர்களும் ஒரே ஆட்கள்தான். அவர்களில் பலரோடு நான் சாப்பிட்டிருக்கிறேன்.

என் கதை அந்தக் கிழக்கு நாடுகள் சம்பந்தப்பட்டது. எங்கள் குழுவுக்குத் தலைவர் மாட்டுங்காக்காரர். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம். நான் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தேன். 'நம்ம ஊர்ப் பொண்ணு' என்று எல்லோரிடமும் என்னை அறிமுகப்படுத்துவார். அவருடைய ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் ஒரு ரயில் பாலம்தான் இருந்தது. அதைத் தாண்டி அவர் ஒருநாளும் வந்ததில்லை.

எந்தச் சரக்குக்கு வரியைக் குறைக்கவே மாட்டோம் என்று ஒவ்வொரு நாடும் ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளும். அதுதான் உண்மையான ஒப்பந்தம். மற்றதெல்லாம் அலங்காரம். எங்கள் பட்டியலைக் கட்டிக் காக்கும் வேலை எனக்கு. ரப்பர், ஏலக்காய், மிளகு எல்லாம் இருந்தன. தோல் பையும் பர்ஸும் பெல்ட்டும் இருந்தன. அவற்றை நான்தான் வாதாடி உள்ளே வைத்திருந்தேன். எதிர்த் தரப்பு ஒவ்வொரு சுற்றிலும் அவற்றைக் கேட்டது, ஒவ்வொரு சுற்றிலும் நான் முடியாது என்றேன்.

கடைசிச் சுற்று கிழக்கே ஒரு தலைநகரத்தில், ஹோட்டலில் நடந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முட்டிக்கொண்டு நின்றால், டீ இடைவேளையில் இரண்டு குழுத் தலைவர்களும் தனியாக வெளியே ஒரு நடை நடந்துவிட்டு வருவார்கள். குறிப்பெடுக்கிறவர்கூட பின்னால் போகக் கூடாது. அங்கே என்ன பேசினார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. திரும்பி வந்து தலைவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் நடந்தது. எங்கள் தலைவர் அன்று நடந்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"தோல் பை, பர்ஸ், பெல்ட். மூணையும் பட்டியல்லேர்ந்து எடுத்துடு."

"சார், அதுல தாராவி முழுக்க இருக்கு."

"அவாளுக்கும் ஏதாவது கொடுக்கணுமோல்லியோ? ரப்பரைக் கொடுத்தா கேரளாவுல கொடி பிடிப்பா. பர்ஸுக்கு யார் கொடி பிடிக்கப்போறா, சொல்லு."

சொன்னேன். எங்கள் குழு முழுவதும் இருக்க, குரலை உயர்த்தியே சொன்னேன். வணிகத் துறையிலிருந்து வந்திருந்த சகா ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர் டீக்கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கடைசிவரை கேட்டுவிட்டு, என் முன்னாலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துத் தானே மூன்றையும் அடித்தார். அடுத்த மாற்றல் உத்தரவில் என் பெயர் இருந்தது. பசிபிக்கில் ஒரு குட்டித் தீவு நாடு. அங்கே வியாபாரம் என்றால் தேங்காய்தான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் உத்தியோகத்தில் ஒருவர் காலை ஒருவர் வாருவது சகஜம். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது.

ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் கப்பல் கப்பலாகப் பைகள் வந்தன. தோல் மாதிரியே இருக்கும், விலை மட்டும் தோல் மாதிரி இருக்காது. தாராவியில் கொதித்துப் போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த சயானில் ஒரு ஹாலில் கூட்டம் போட்டார்கள். தலைவரே டெல்லியிலிருந்து வந்தார். அத்தனை பேர் சுற்றி நின்று கத்தியதும் மனுஷன் பயந்துவிட்டார் போல. "அந்தப் பட்டியலைப் பார்த்துண்டது உங்க ஏரியாவுல பொறந்த ஆபீசர்தான். அவங்களை நம்பித்தான் விட்டேன்" என்றாராம். பழியைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டு, தனக்கு வந்த காரில் ஏறிப் போய்விட்டார். அந்த ஹாலில் மூன்றாவது வரிசையில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

நான் லீவில் வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி, நீதான் விட்டியா?"

"இல்லண்ணே."

"அப்ப யாரு?"

அதுதான் என்னால் சொல்ல முடியாத ஒன்று. பேச்சுவார்த்தை அறைக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. கட்டிய மனைவிக்கும் பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். சொன்னால் வேலை போகும்.

"அதச் சொல்லக்கூடாதுண்ணே."

"சொல்லக்கூடாதுன்னா நீதான்" என்றான். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினான்.

அதன் பிறகு ஏறக்குறைய பதினைந்து வருடமாக என் அண்ணன் என்னோடு பேசவில்லை. கார்கானா பந்த் ஆனது. மெஷின்களை எடைக்குப் போட்டான். தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் வேறொருவருடைய கடையில் நின்று, அதே வெளிநாட்டுப் பைகளைத் தட்டித் தட்டி விற்றான். ஒருமுறை எதிர்ப் பக்கமிருந்து பார்த்தேன். ஒரு பெண்ணிடம், "அசல் தோல் மாதிரியேதான் இருக்கும் பெஹன்ஜி" என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். என் வாழ்க்கையில் நான் ஒருவரை அடித்துக் கொல்ல வேண்டும் என்று நினைத்தது அந்த ஒரு தடவைதான். அண்ணனை அல்ல, அந்தத் தலைவரை. அவருடைய சிரிப்பு, வெள்ளைக் கைக்குட்டை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றும் விதம் எல்லாவற்றையும் நான் வருடக்கணக்கில் மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன்.

அவரோ ரிடையர் ஆன பிறகு டிவியில் தினமும் வந்தார். காற்று திரும்பியிருந்தது. பெரிய ஒப்பந்தத்தில் சேராமல் வந்ததே சரி என்று எல்லோரும் பேசிய காலம். "நான் அப்பவே சிறுதொழிலுக்காகச் சண்டை போட்டவன்" என்று அவரும் ஆரம்பித்தார். நான் போட்ட சண்டையையும் அவரே போட்டுக்கொண்டார். அந்தப் பேச்சின் பலன்தான் மாட்டுங்கா விழா.

விழாவுக்கு அண்ணன் வர வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டும். ரிடையர் ஆன எனக்கு இனி போக வேலை இல்லை, ஆனால் நான் சொல்லி அண்ணன் நம்ப மாட்டான். அவர் தன் வாயால் ஒப்புக்கொள்வதை என் அண்ணன் தன் காதால் கேட்க வேண்டும். அண்ணனோடு பேச்சில்லை என்றாலும் மதினியோடு உண்டு. மதினியிடம் சொன்னேன்.

"அவியள நான் கூட்டியாரேன். ஆனா நீ அங்க போயி என்ன செய்யப்போறேன்னு சொல்லு" என்றாள்.

"பாராட்டப்போறேன் மதினி."

"ஒம் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே" என்றாள்.

ஹால் நிறைந்திருந்தது. பட்டுச் சேலைகள், விபூதிப் பட்டைகள், வெளியே மசாலா பால். தலைவர் மேடையில் நடு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "நம்ம ஊர்ப் பொண்ணு!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, அவருக்கு இன்னும் நான் பொண்ணு. முதல் வரிசையில், அன்று டீக்கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்த அதே சகா உட்கார்ந்திருந்தார். தன் பெருமையைப் பார்க்கட்டும் என்று தலைவரே அவரை டெல்லியிலிருந்து வரவழைத்திருக்கிறார். அந்த மனிதரைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நான் வேண்டிக்கொண்டால்கூட இப்படி ஒரு சாட்சி வந்திருக்காது. கடைசி வரிசையில், கதவோரமாக, மதினி பக்கத்தில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் நன்றாகவே ஆரம்பித்தேன். அவருடைய படிப்பு, பேச்சுத் திறமை, எதிராளி கோபப்படும்போது இவர் ஜோக் சொல்லும் லாவகம். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு கிழக்கு நாடுகளின் கடைசிச் சுற்றுக்கு வந்தேன். குரலை ஏற்றவில்லை. விலக்குப் பட்டியல் என்றால் என்ன என்று சொன்னேன். டீ இடைவேளையைச் சொன்னேன். "அன்று தோல் பையையும் பர்ஸையும் பெல்ட்டையும் பட்டியலிலிருந்து தன் கையால் அடித்தவர் இவர்தான். நான் கூடாது என்றேன். இவர் அடித்தார். பிறகு சயான் கூட்டத்தில், அதைச் செய்தது நான் என்று என் ஜனங்களிடமே சொன்னார்" என்றேன்.

செயலாளர் கையில் சால்வையோடு எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

"எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு" என்று தொடர்ந்தேன். "ஒரு வாசகத்தை எல்லோருக்கும் அனுப்புவார்கள். குறித்த நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் அது ஏற்கப்பட்டது என்று அர்த்தம். கையெழுத்துகூடத் தேவையில்லை. சார் அந்த முறையில் எத்தனையோ தீர்மானங்களை நிறைவேற்றியவர். நான் இப்போது சொன்னது தவறென்றால் சார் மறுக்கலாம். நான் இந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன்."

டம்ளரை எடுத்துக் குடித்தேன். ஒவ்வொரு மடக்காகக் குடித்தேன். ஆசை தீரக் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும், 'இந்தம்மா பொய் சொல்றா' என்று மைக்கைப் பிடுங்கியிருப்பார்கள். அவர் தூதர். மேடையில் ஒருவர் தாக்கினால் புன்னகையோடு உட்கார்ந்திரு, பதில் சொல்லாதே, சபை தானாக மறந்துவிடும் என்று ஆயுள் முழுக்கப் பழகியவர். அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது. முதலில் புன்னகைத்தார். மைக் பக்கம் கை போனது. அப்போது முதல் வரிசையில் இருந்த சகாவைப் பார்த்தார். சகா இந்தத் தடவை குனியவில்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் கை மடிக்குத் திரும்பியது. முகத்தில் ஈயாடவில்லை. நான் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

பின்னாலிருந்து யாரோ, "சார், ஹான் யா நா? ஆமாவா இல்லையா, ஏதாவது சொல்லுங்கோ!" என்று கத்தினார்கள்.

அவர் கனைத்துக்கொண்டு, "அந்த நேரத்துல தேசத்துக்கு எது நல்லதுன்னு பட்டுதோ, அதைப் பண்ணினேன்" என்றார்.

அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். செயலாளர் வேறு வழி தெரியாமல் ஓடி வந்து அவருக்குச் சால்வையைப் போர்த்தினார். நாலைந்து பேர் கைதட்டினார்கள், அதுவும் பாதியில் நின்றது. 'சிறுதொழில்களின் காவலர்' என்று எழுதிய கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு மனுஷன் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்த அரை மணி நேரத்தை நான் பாயசம் போல ருசித்தேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

வெளியே கதவோரம் அண்ணனும் மதினியும் நின்றார்கள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடாத குறையாகப் போனேன்.

"கேட்டியாண்ணே? அவன் வாயாலயே சொன்னதக் கேட்டியா?"

"கேட்டேன்" என்றான். அத்தனை வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் சொல் அது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்ட்டி" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "எது தெரியும்?"

"அந்தாளுதான் எடுத்தாம்னு. சயான் மீட்டிங்குக்கு அடுத்த மாசமே தோல்காரங்க சங்கத்துலருந்து டெல்லிக்குப் போனோம்லா, நானுந்தான் போனேன். அங்க ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு. 'பெரியவருதான் அடிச்சாரு, அந்தம்மா மல்லுக்கு நின்னாங்க, கேக்கல'ன்னு."

மதினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதிய சேதி என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?" என்றேன்.

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பின்ன என்னட்டி செய்ய? தொழிலு போச்சு, மெஷின் போச்சு. யார்ட்டப் போயி கோவப்பட? அந்தாளு பங்களா கேட்டுக்குள்ள என்னைய விடுவானா? கப்பலேறிப் போயி அந்த ஊர்க்காரன்ட்ட சண்ட போடவா? நீ ஒருத்திதான் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தே."

சொல்லிவிட்டுச் சாதாரணமாக, "சரி, நேரமாச்சு. வீட்டுக்கு வா, மீன் வாங்கியிருக்கு. சாப்புட்டுப் போவலாம்" என்றான்.

நான் ஒரு டாக்ஸியை நிறுத்தி ஏறிக்கொண்டேன். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து செம்பூர் வரை அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கோயி குஸர் கயா க்யா, மாஜி?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்று சொன்னேன். ஒரு பொய்க்காகப் பதினைந்து வருடம் ஒரு மனிதனைக் கறுவியிருக்கிறேன். அந்தப் பொய்யைப் பொய் என்று தெரிந்தே என் அண்ணன் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். தலைவராவது என்னைப் பெரிதாக நினைத்ததில்லை, விற்றுவிட்டார். இவன் ஜிலேபி கொடுத்தவன்.

அதற்குப் பிறகு மதினி தினமும் போன் செய்கிறாள். எடுத்துப் பேசுகிறேன். நடுவில் அண்ணன் போனை வாங்கி, "ஏட்டி, ஞாயித்துக்கிழமை வாரியா?" என்று ஆரம்பிக்கிறான். குரல் நன்றாகவே இருக்கிறது, வயசாகிவிட்டது, லேசாக இருமுகிறான். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன், பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிடுகிறேன். மாட்டுங்காக்காரரைப் பற்றி இப்போது நினைப்பதே இல்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் எனக்கும் ஒருத்தன்தான் இருக்கிறான்.